அமிர்தசாமியைக் காணோம்

ரோசரி பதினாறு வருஷமாக மற்றவர்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். துவாக்குடிப் பக்கம் இருந்த ஒரு பெரிய தொழிற்சாலையின் பயணப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்த இன்ஜினீயர் எந்த ரயிலில் டெல்லிக்குப் போகிறார், எந்த மேனேஜர் பம்பாயில் எந்த ஹோட்டலில் இறங்குகிறார், யாருக்கு மேல் பெர்த் ஆகாது, யாருக்கு முட்டை ஆகாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. அவள் போன தூரமோ வேளாங்கண்ணியோடு சரி. அதற்கும் கணவன் கிளமென்ட்தான் டிக்கெட் எடுத்தான்.

அவளுக்கு மேலே இருந்த பயண அதிகாரி அமிர்தசாமி. ஐம்பத்து நாலு வயது. அவரைவிட அவர் மீசைக்குத்தான் தொழிற்சாலையில் பேர் அதிகம். நல்ல மனுஷர், கோபமாகப் பேச வராது. மீசை அவருக்காகக் கோபித்துக்கொண்டதால் காரியம் நடந்துவந்தது.

1985 ஆகஸ்டில், தென்மண்டல அலுவல் பயண மற்றும் கூட்ட ஏற்பாட்டாளர் சங்கம் தன் ஆறாவது மாநாட்டைத் திருச்சியில் நடத்துவதாக முடிவு செய்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள். கம்பெனிகளில் டிக்கெட் போடுகிறவர்கள், கூட்டங்களுக்கு ஹால் பிடிக்கிறவர்கள், டிராவல்ஸ் நடத்துகிறவர்கள், பஸ் விடுகிறவர்கள் எல்லோரும் வருகிறார்கள். உள்ளூர்ப் பெரிய தொழிற்சாலை என்பதால் அமிர்தசாமியை ஒரு கட்டுரை வாசிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ‘பயண ஏற்பாட்டில் துல்லியம்’ என்று தலைப்பு வைத்து ஒன்பது பக்கம் எழுதினார். ரோசரிதான் டைப் அடித்தாள்.

மாநாட்டுக்கு முதல் நாள் சாயங்காலம் அவளை அறைக்குள் கூப்பிட்டார்.

“ரோசரி, எனக்குக் கண்ணு மஞ்சளா இருக்கா பாரும்மா.”

ரோசரி பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது. “தெரியலயே சார்.”

“டியூப்லைட்ல தெரியாது. காமாலைதான். டாக்டர் ஒரு வாரம் படுக்கணும்னுட்டார். நாளைக்கு நீ போயிட்டு வந்துடு. கட்டுரையையும் வாசிச்சிடு.”

“நானா? மைக்ல எல்லாம் பேசினதில்லீங்க சார்.”

“மைக்கா?” அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. “அதெல்லாம் ஒண்ணுமில்ல. கிட்டக்க நின்னு படிச்சா அதுவே பேசிக்கும்.”

வெள்ளிக்கிழமை காலை மாதாவை வேண்டிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டும் மாம்பழக் கலர் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ரோசரி கிளம்பினாள். மேலப்புதூரிலிருந்து ஹோட்டலுக்கு நடந்தே போய்விடலாம். கிளமென்ட் கேட்கவில்லை. மாநாட்டுக்குப் போகிறவள் வியர்த்துக்கொண்டு போய் நிற்கக் கூடாது என்று ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டான்.

ஹோட்டல் வாசலில் மேஜை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரோசரி தொழிற்சாலையின் பேரைச் சொன்னதும் ஒரு பேட்ஜை எடுத்து நீட்டினாள். ‘திரு. எஸ். அமிர்தசாமி’ என்று அழகாக டைப் அடித்திருந்தது.

“அவருக்கு உடம்பு சரியில்லம்மா. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன். பேரை மாத்திக் குடுங்க.”

“லிஸ்ட் மெட்ராஸ்ல அடிச்சதுங்க மேடம். ஒரு பேரை அடிக்கணும்னா செகரட்டரி ராவ் சார்தான் அடிக்கணும். எனக்குச் சேக்கத்தான் பவர் இருக்கு.” அந்தப் பெண் பேனாவை எடுத்து லிஸ்டின் அடியில் ‘43. திருமதி ரோசரி’ என்று எழுதினாள். ஓர் அட்டையில் அதே பேரைக் கையால் எழுதிப் பின்னும் குத்திக் கொடுத்தாள். “ரெண்டையும் வச்சுக்குங்க.”

இப்படியாக ஏழாவது ஆளாக அமிர்தசாமியும் நாற்பத்து மூன்றாவது ஆளாக ரோசரியும் மாநாட்டில் சேர்ந்தார்கள். ஆள் ஒருத்திதான்.

செகரட்டரி பலராம ராவ் மெட்ராஸ்காரர். ஒல்லியாக, விசில் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரே சமயத்தில் நாலு இடத்தில் இருக்கப் பார்ப்பவர். அவரிடம் விஷயத்தைச் சொல்ல ரோசரி மூன்று முறை போனாள். முதல் முறை அவர் சமையல்கட்டில் சாம்பாரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை மேடையில் பேனரை நேராக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் முறை வரவேற்பறைப் போனில் மெட்ராஸுக்கு டிரங்க் கால் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார். விட்டுவிட்டாள்.

அந்த மாநாட்டில் ஒரு சங்கடம் இருந்தது. வந்திருந்த அத்தனை பேரும் ஏற்பாடு செய்கிறவர்கள். ஏற்பாட்டுக்கு உட்பட்டு உட்கார ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபேன் சத்தம் போட்டால் எட்டுப் பேர் எழுந்து சுவிட்சைத் தேடினார்கள். காபி ஐந்து நிமிஷம் தாமதமானதும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, தானே டிரேயை வாங்கி விநியோகம் செய்ய ஆரம்பித்தார். மேடையில் பேசியவர் நேரத்தைத் தாண்டியதும் நாலு மூலையிலிருந்தும் சீட்டு போனது.

பன்னிரண்டு மணிக்கு, “அடுத்து, திரு அமிர்தசாமி அவர்களின் கட்டுரை” என்று அறிவித்தார்கள். ரோசரி எழுந்து போனாள். மைக் அவள் உயரத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. ஆறு பேர் ஓடிவந்து அதை இறக்கினார்கள்.

கட்டுரை இங்கிலீஷில் இருந்தது. முதல் இரண்டு பக்கம் தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி போயிற்று. டைப் அடிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விரல்தான் படிக்கும், மனசு படிக்காது. அதனால் மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்பது, அது வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் ரோசரிக்குத் தெரிந்தது.

“என் இளமையில் நான் ஜில்லா கபடி டீமில் ஆடியவன்” என்று வாசித்தாள்.

முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

“இன்றைக்கும் ரிசர்வேஷன் கவுன்ட்டரில் என் மீசையைப் பார்த்த மாத்திரத்தில் குமாஸ்தா எழுந்து நிற்பார்.”

பின்வரிசையில் யாரோ தாங்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். அவ்வளவுதான், மடை உடைந்தது. ரோசரிக்குக் காதெல்லாம் சூடாயிற்று. ஆனால் பாதியில் நிறுத்தத் தெரியவில்லை. மீசையைப் பற்றி மேலும் ஒரு பாரா இருந்தது. அதையும் வாசித்தாள். கட்டுரை முடிந்தபோது கைத்தட்டல் கூரையைத் தொட்டது. அமிர்தசாமிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால்தான் அம்மா வாசிக்கிறார்கள் என்று ஆளாளுக்குப் புரிந்துகொண்டார்கள். அவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை பலருக்கு வந்துவிட்டது. டெலிபோனோடு போராடிக்கொண்டிருந்த ராவ் மட்டும் இதில் எதையும் கேட்கவில்லை.

சாப்பிடப் போகும்போது ரோசரி டைப் அடித்த பேட்ஜைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, கையால் எழுதியதைக் குத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குச் சுற்றுலா. பாலக்கரையில் டிராவல்ஸ் வைத்திருந்த அப்துல் மாலிக், சங்கத்தின் உள்ளூர் உறுப்பினர், தன் பஸ்ஸையே கொண்டுவந்திருந்தார். தெற்கே ராஜகோபுர வேலைக்குச் சாரம் கட்டியிருந்ததால் கூட்டம் நெருக்கியது. பஸ்ஸை வடக்கு வாசல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினார். “நாலரைக்கு எல்லாரும் இங்க வந்துடணும்!” என்று ராவ் விசிலடித்தார்.

ரோசரிக்குக் கோயில் புதிதல்ல. சந்நிதிப் பக்கம் போகாமல், வெளி மண்டபத்துக் கடைகளில் வளையல் பார்த்துக்கொண்டிருந்தாள். தஞ்சாவூர் பொம்மை வாங்க வந்த ஹைதராபாத் அம்மாவுக்காகப் பேரம் பேசிக்கொடுத்தாள். சரியாக நாலரைக்குத் திரும்பினாள். எல்லோரும் திரும்பியிருந்தார்கள். நேரம் தவறாத கூட்டம் அது.

ராவ் பஸ்ஸுக்குள் ஏறித் தலைகளை எண்ணினார். “நாப்பத்திரண்டு.” லிஸ்டைப் பார்த்தார். “நாப்பத்தி மூணு இருக்கணுமே?”

ஆளை எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்ட நாற்பத்திரண்டு பேர் ஒரே பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லலாமா? அத்தனை பேரும் எழுந்து எண்ணத் தொடங்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார், நாற்பத்தொன்று வந்தது. தன் தலையைத் தொடவில்லை. கொச்சிக்காரர் இரண்டிரண்டாக எண்ணி நாற்பத்து நாலில் முடித்தார். அவர் டிரைவரையும், ஜன்னலுக்கு வெளியே நின்று சுண்டல் விற்றவனையும் சேர்த்திருந்தார். எல்லோரும் எழுந்து நின்றதில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது போயிற்று. மறுபடி உட்காரவைத்து மறுபடி எண்ணினார்கள். நாற்பத்திரண்டு.

“ஒரு டெலிகேட்டைக் காணோம்!” என்று ராவ் கையை உதறினார். “எறங்குங்க! நாலு நாலு பேராப் பிரிஞ்சு தேடுங்க. பேர் என்னன்னு நான் லிஸ்டை டிக் பண்ணிக் கண்டுபிடிக்கறேன்.”

ரோசரிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. உள்ளூர்க்காரி, நமக்குத்தான் வழி தெரியும் என்ற பெருமை. மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு கிழக்குப் பக்கமெல்லாம் தேடினாள். யாரைத் தேடுகிறோம் என்பது தெரியாது. ஆனாலும் ஆயிரங்கால் மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே குனிந்து பார்த்தாள். ஒரு தூணடியில் படுத்துத் தூங்கிய வெளியூர் ஆள் ஒருவரை எழுப்பி, “நீங்க டெலிகேட்டா?” என்று விசாரித்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, “நான் அரியலூருங்க” என்றார்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. தேவஸ்தான அலுவலகத்தில் மைக் பிடிப்பவர் பளிச்சென்று திருமண் இட்ட ஒரு பெரியவர். எதையும் பக்தியோடுதான் சொல்வார்.

“ஸேவார்த்திகள் கவனத்திற்கு. அலுவல் பயண மஹாநாட்டுக்கு எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமான் அமிர்தசாமி அவர்கள், எங்கிருந்தாலும் உடனடியாக வடக்கு வாசலுக்கு எழுந்தருள வேணுமாய் ப்ரார்த்திக்கிறோம். அங்க அடையாளம்: பெரிய மீசை. பூர்வத்தில் கபடி ஆடியவர்.”

ரோசரி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏசுவே” என்றாள்.

வடக்கு வாசலுக்கு ஓடினாள். அதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது. போலீஸ்காரர் ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி டெலிகேட்டுகள் நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“காலையில டிபன் சாப்பிடறப்ப பார்த்தேன் சார். மீசையை ஒதுக்கிவிட்டுத்தான் காபியே குடிச்சார்” என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

“பஸ்ஸுல எனக்கு முன் சீட்டு. நல்லா ஞாபகமிருக்கு. கொஞ்சம் கவலையா இருந்த மாதிரி தோணிச்சு” என்றார் சேலத்துக்காரர்.

“கவலையாவா?” போலீஸ்காரர் பென்சிலை நிறுத்தினார். “இங்கேர்ந்து கொள்ளிடம் கிட்டத்துலதாங்க. ஆத்துல தண்ணி வேற போவுது.”

ராவ் அங்கிருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். அப்துல் மாலிக் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு ஆற்றை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

“ராவ் சார்” என்றாள் ரோசரி.

“இருங்கம்மா. முப்பது வருஷ சர்வீஸ். ஒரு பெட்டியைக்கூட நான் தொலைச்சதில்ல. இப்ப ஒரு மனுஷனை…” அவர் விசிலைக் கழற்றி மடியில் வைத்தார்.

“சார், அவர் தொலையல…”

“உங்க நம்பிக்கை பலிக்கட்டும்மா” என்று ராவ் கும்பிட்டார். ஹைதராபாத் அம்மா ரோசரியின் தோளைத் தடவி, ஒரே ஆபீஸ் அல்லவா, பாவம் என்று தெலுங்கில் ஏதோ சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். ரோசரி அதைக் குடித்தாள். ஒவ்வொரு நிமிஷம் போகப்போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டு போயிற்று. ஐந்து மணிக்குச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். ஐந்தே காலுக்குக் கோபித்திருப்பார்கள். ஐந்தரைக்குச் சொன்னால் போலீஸ்காரர் நோட்டில் தன் பேரையும் எழுதிக்கொள்வார் என்று பயந்தாள்.

கடைசியில் கைப்பையைத் திறந்து டைப் அடித்த பேட்ஜை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

“சார், நாந்தான் அமிர்…”

“கிடைச்சுட்டார்!” என்று தெருமுனையிலிருந்து ஒரு கூச்சல்.

ரோசரி கண்ணைத் திறந்தாள். அப்துல் மாலிக் வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், முழங்கால் வரை சுருட்டிவிட்ட பேன்ட்டோடு, தலையில் துண்டோடு, தூக்குமேடைக்கு நடக்கிறவர் மாதிரி நடந்து வந்தது சாட்சாத் அமிர்தசாமி. மீசை சேறு பட்டுத் தொங்கியது.

நடந்தது இதுதான். மாலிக் கரையில் நின்று, ஆற்றைப் பார்த்து, “அமிர்தசாமி!” என்று கத்தியிருக்கிறார். பத்தடி தள்ளி நாணலுக்கு நடுவே தூண்டிலோடு உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரர் தலையைத் தூக்கி, “என்னங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“நீங்கதானா அமிர்தசாமி? தொழிற்சாலையில பயண அதிகாரி?”

“ஆமாங்க.”

“கெளம்புங்க ஜனாப். ஊரே உங்களைத் தேடுது. போலீஸ் வந்தாச்சு.”

காமாலை என்று லீவு போட்டுவிட்டு மீன் பிடித்ததற்குப் போலீஸா என்று அமிர்தசாமி கேட்கவில்லை. கேட்கும் நிலையில் அவர் இல்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

டெலிகேட்டுகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கையைக் குலுக்கினார்கள். கோயம்புத்தூர்க்காரர், “நான் சொல்லல? இதே மீசை!” என்று போலீஸ்காரரிடம் பெருமைப்பட்டார். ராவ் அவரைக் கட்டிக்கொண்டார். பிறகு எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி எண்ணினார். நாற்பத்து மூன்று. இன்னொரு முறை எண்ணினார். நாற்பத்து மூன்றேதான். பஸ்ஸே கைதட்டியது.

அமிர்தசாமியின் கண் கூட்டத்தில் ரோசரியைக் கண்டுபிடித்தது. அவள் பக்கத்து சீட்டில் வந்து மெல்ல உட்கார்ந்தார். ஆற்றுச் சேற்றின் வாசனை வந்தது.

“ரோசரி” என்றார் ரகசியமாக. “ஆபீசுக்குத் தெரிஞ்சுபோச்சா?”

“காமாலை எப்படி இருக்குங்க சார்?” என்று ரோசரி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள். இரண்டு நாள் அவள் பட்ட பாடு அந்தக் கேள்வியில் இருந்தது.

அவர் பதில் சொல்வதற்குள் ராவ் பஸ்ஸின் மைக்கைக் கொண்டுவந்து அவர் மூக்கின் கீழே நீட்டினார். “நேத்து உங்க பேப்பரைப் பத்தி எல்லாரும் பேசறாங்க. இன்னிக்கு எங்களை ஒரு வழி பண்ணிட்டீங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க சார்!”

அமிர்தசாமி மைக்கைப் பார்த்தார். படமெடுத்து நிற்கும் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். மீசையின் நுனி நடுங்கியது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக அரும்பியது. வாய் திறந்தது, காற்றுகூட வரவில்லை.

பதினாறு வருஷமாகப் பார்த்த மனிதருக்கு இப்படி ஒரு பயம் இருப்பது ரோசரிக்குத் தெரியாது. ‘இதற்காகவா? இதைச் சொல்லியிருந்தால் நானே போய் வாசித்திருப்பேனே’ என்று நினைத்தாள். கோபம் இருந்த இடத்தில் பாதி காலியாயிற்று. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அவர் இன்னும் ஒரு பத்து விநாடி நடுங்கட்டும் என்று விட்டாள். பிறகு எழுந்து மைக்கை வாங்கினாள்.

“சாருக்குக் காமாலைங்க. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். உடம்பு முடியாதப்பவும் மாநாட்டை விட மனசில்லாம வந்திருக்கார். ஆத்தோரம் கொஞ்சம் காத்து வாங்கப் போனவர் அசந்துட்டார்.”

“காமாலையா!” என்றார் ராவ்.

ரோசரி ஒன்றை மறந்துவிட்டாள். அந்த பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஏற்பாட்டாளர்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஹோட்டலுக்கு வந்து சேர்வதற்குள் அமிர்தசாமியின் காமாலை முழுசாக ஏற்பாடு செய்யப்பட்டுவிட்டது. திருவானைக்காவலில் பஸ்ஸை நிறுத்தி, சேலத்துக்காரர் இறங்கிப் போய்க் கீழாநெல்லி வாங்கிவந்தார். கொச்சிக்காரர் ஹோட்டலுக்குள் நுழைந்ததும் அதை அரைக்கச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர் சமையல்கட்டுக்கே போய் உப்பில்லாத மோர் சாதத்துக்கு உத்தரவு போட்டார்.

அன்று விருந்தில் ஆட்டுக்கறி பிரியாணி. முன்வரிசையில் இரண்டு பக்கமும் இரண்டு பேர் காவலிருக்க, அமிர்தசாமி ஒரு கிண்ணம் பச்சைச் சாற்றைக் குடித்தார். மோர் சாதத்தைப் பிசைந்தார். எதிரே ரோசரி எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை அவர் கை பிரியாணித் தட்டை நோக்கி நகர்ந்தது. இரண்டு முறையும் ஹைதராபாத் அம்மா அதைப் பிடித்து இருந்த இடத்தில் வைத்தாள்.

கிளம்பும்போது வாசலில் மாலிக், செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை பஸ்ஸின் டிக்கியிலிருந்து எடுத்து அமிர்தசாமியிடம் கொடுத்தார். கோயில் வாசலில் காட்ட வேண்டாமென்று மறைத்துவைத்திருந்தாராம். அமிர்தசாமி அதை அப்படியே ரோசரியின் கையில் வைத்தார்.

“கெளுத்தி. நாலு இருக்கு. நீ எடுத்துட்டுப் போயிடும்மா.”

“உங்க வீட்டுக்குங்க சார்?”

“வீட்டுல மாநாட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.” அவர் யோசித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. “அது இப்ப உண்மையாயிடுச்சு, இல்ல?”

ரோசரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. “அடுத்த தடவை பயமா இருக்குன்னே சொல்லிடுங்க சார். காமாலையெல்லாம் வேணாம்” என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு ஏப்பம் விட்டார். கீழாநெல்லி மேலே வந்ததில் முகத்தைச் சுளித்தார்.

வீட்டுக்கு வந்தபோது கிளமென்ட் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தான். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தான். மனைவியின் பட்டுப்புடவையைப் பார்த்தான். மறுபடியும் பொட்டலத்தைப் பார்த்தான்.

“மாநாட்டுல மீனா குடுத்தாங்க?”

“ஆமாங்க.”

“எல்லாருக்குமா?”

“இல்ல, கட்டுரை வாசிச்சவங்களுக்கு மட்டும்” என்று சொல்லிவிட்டு, ரோசரி புடவையை மாற்றிக்கொண்டு அரிவாள்மனையை எடுக்கப் போனாள்.